ஊசியை மாற்றுமுன் சுவரைப் பாருங்கள்

"ரெக்கார்ட் பிளேயர் வாங்கிட்டேனுங்க, எந்த கார்ட்ரிட்ஜ் போடலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "அதை எது மேலே வெச்சிருக்கீங்க?" டி.வி. ஸ்டாண்டு மேல் என்பார்கள், பிளைவுட் ஷோகேஸ் மேல் என்பார்கள். நடுவில் பிளேயர், அதே பலகையில் இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர் என்று செல்போனில் படம் காட்டுவார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பலகையில் இருக்கும்வரை, ஊசியைத் தாங்கும் அந்தக் கார்ட்ரிட்ஜ் 20,000 ரூபாய் என்றாலும் அதனால் தன் வேலையைச் செய்ய முடியாது. கையில் இருக்கும் பணத்தில் முதல் செலவு பிளேயர் உட்காரும் இடத்துக்குத்தான் ஆக வேண்டும். பல வீடுகளில் அதற்குச் செலவே ஆகாது.

கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் ரோட்டார் பேலன்சிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுழலுகிற எதுவும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எவ்வளவு ஆடலாம் என்று அளந்து சொல்வதுதான் என் பிழைப்பாக இருந்தது. நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும் நடுத்தர அளவு மோட்டார் ஒன்று தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் பேரிங்கில் 50 மைக்ரான் ஆட்டம் காட்டுகிறது என்றால் நாங்கள் பதற மாட்டோம். ஓடட்டும், அடுத்த மாதம் மறுபடி பார்ப்போம் என்று எழுதிவைத்துவிட்டுப் போவோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்.பி. ரெக்கார்டில் ஊசி ஓடுகிற வரிப்பள்ளத்தின் அகலமே ஏறக்குறைய அந்த 50 மைக்ரான்தான். நாங்கள் பொருட்படுத்தாமல் விட்ட ஆட்டத்துக்குள் ஒரு முழுப் பாட்டே அடங்கியிருக்கிறது!

அந்தப் பள்ளத்தின் சுவர் வளைந்து நெளிவதுதான் இசை. ஒரு பாடகரின் குரல் நன்றாக ஓங்கி ஒலிக்கும் இடத்தில் ஊசி இப்படியும் அப்படியும் 8 மைக்ரான் அளவுக்கு அசையும். அடங்கி ஒலிக்கும் இடங்களில், தம்புரா மட்டும் கேட்கும் விநாடிகளில், ராகத்தைத் தொடங்குமுன் மூச்சை இழுக்கும் நேரத்தில், அந்த அசைவு அதில் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நேரத்தில் ஷோகேஸ் பலகை ஒரு மைக்ரான் ஆடினால், ஊசிக்குப் பாட்டைவிடப் பலகைதான் பெரிதாகக் கேட்கும். ஊசிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தன்னை எது அசைத்தாலும் அதை மின்சாரமாக்கி அனுப்புவதுதான் அதன் வேலை.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. ரெக்கார்டு வெட்டும்போது தாழ்ந்த சுரங்களை வேண்டுமென்றே அடக்கி வெட்டுகிறார்கள். அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று அடுத்த வரியில் இடித்துவிடும், ஒரு பக்கத்தில் சில நிமிடப் பாட்டுக்குமேல் கொள்ளாது. அடக்கியதை ஓட்டும்போது ஆம்ப்ளிஃபயர் திரும்பத் தூக்கிவிட வேண்டும். எவ்வளவு அடக்குவது, எவ்வளவு தூக்குவது என்ற அளவுகோலை அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கம் 1954இல் ஒழுங்குபடுத்தியது. பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. அதன்படி நடுத்தரச் சுரத்தோடு ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 முறை அதிரும் ஒலி, 7 மடங்கு பெரிதாக்கப்படுகிறது. 20 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய 9 மடங்கு. பாட்டிலிருந்து வந்த தாழ்ந்த ஒலிக்கு இது நியாயம். ஆனால் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வருகிற அதிர்வெல்லாம் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. அடக்கி வெட்டப்படாத அதுவும் சேர்ந்து 7 மடங்கு, 9 மடங்கு தூக்கப்படுகிறது. ரெக்கார்ட் பிளேயர் மற்ற எந்தக் கருவியைவிடவும் வீட்டின் அதிர்வுக்கு அஞ்ச வேண்டியிருப்பது இதனால்தான்.

இதை மேல்நாட்டுக்காரர்கள் வெகு நாளைக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1961இல் கொண்டுவந்த ஏ.ஆர். டர்ன்டேபிளில், ரெக்கார்டு சுற்றும் தட்டும் ஊசி பிடிக்கும் ஆர்மும் ஒரே சட்டத்தில் சேர்ந்திருக்கும். அந்தச் சட்டம் மூன்று சுருள்வில்களில் பெட்டியிலிருந்து தனியாக நிற்கும். பெட்டி ஆடினாலும் தட்டும் ஊசியும் சேர்ந்தே இருக்கும், அந்த ஆட்டம் அவற்றை எட்டாது. அருமையான யோசனை. 1965இல் வந்த தோரன்ஸ் டிடி 150, 1970களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த லின் எல்.பி.12 எல்லாம் அதே வழியில் வந்தவை. இவை பிறந்த நாடுகளில் பெரும்பாலான வீடுகளுக்கு மரத்தரை. உத்தரங்களின் மேல் பலகை அடித்த தரை. ஒருவர் அறையைக் கடந்து நடந்தாலே தரை மெல்ல மேலும் கீழும் போய் வரும், ஊசி துள்ளும். அதனால் அங்கே எழுதப்பட்ட அறிவுரை எல்லாம் காலடி ஓசையைச் சுற்றியே இருந்தது.

அந்த அறிவுரையை அப்படியே எடுத்துக் கிரானைட் தரைக்கும் கான்கிரீட் தளத்துக்கும் பூசுவதில்தான் எனக்கு மறுப்பு. கோவையில் தரைமட்டத்து வீடு ஒன்றில் குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடினாலும் ஊசிக்குத் தெரியாது. நம் வீட்டில் எதிரி வேறு ஆள். மின்விசிறி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார். மேல்நாட்டு மரவீட்டில் சம்ப்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அபூர்வம். நமக்கு அது அன்றாடம்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம் இருக்கிறது, அந்த வேகத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுவிடலாம். மாவரைக்கும் கிரைண்டரின் மோட்டார் பொதுவாக நிமிடத்துக்கு 1,440 சுற்று, விநாடிக்கு 24. தண்ணீர் மோட்டார் பெரும்பாலும் 2,880 சுற்று, விநாடிக்கு 48. பழைய வகை ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் அதை ஒட்டித்தான். மேலே சுற்றும் விசிறி முழு வேகத்தில் ஏறக்குறைய 360 சுற்று என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 6. மூன்று இறக்கை என்பதால் காற்றை விநாடிக்கு 18 முறை அடிக்கிறது. மாடியில் குடியிருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரரின் விசிறி தொங்குவது உங்கள் தரையில்தான். அதன் இறக்கை ஒன்று சற்று வளைந்து ஆடிக்கொண்டிருந்தால், அந்த ஆட்டம் கொக்கி வழியாக உங்கள் தளத்துக்கு வரும். காதுக்குக் கேட்காது. ஸ்பீக்கரின் பெரிய கூம்பை உற்றுப் பாருங்கள், பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் உள்ளே வெளியே என்று மெதுவாக மூச்சு விடுவதுபோல் போய்வரும்.

வாஷிங் மெஷினைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஒரு சொந்த வேகத்தில் ஆட விரும்பும். அது விநாடிக்கு 8 முதல் 12 முறைக்குள் அமைய வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் கடைப்பிடிக்கும் கணக்கு. ரெக்கார்டின் வளைவால் வரும் மெதுவான ஏற்ற இறக்கத்துக்கு மேலேயும் பாட்டின் தாழ்ந்த சுரத்துக்குக் கீழேயும் இருக்கும் இடைவெளி அது. துணி பிழியும்போது மெஷின் டிரம் மெல்ல வேகம் ஏறி 600 சுற்றைத் தாண்டும். 600 சுற்று என்றால் விநாடிக்குச் சரியாக 10. ஆர்மின் சொந்த வேகமும் அதுவே. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறுபிள்ளைகூடப் பெரியவரை உயர ஆட்டிவிடும் அல்லவா, அதுதான் இங்கே நடக்கிறது. மெஷின் 800, 1,000 என்று ஏறிய பிறகு ஊசி அமைதியாகிவிடும். தாண்டும் அந்தச் சில விநாடிகளில்தான் பள்ளத்தை விட்டுக் குதிக்கும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம், 1963இல் வந்த எல்.பி., அவருடைய அப்பா வாங்கி வைத்தது, இன்றும் காலையில் அதை ஓட்டித்தான் அவருக்குப் பொழுது விடிகிறது. பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஒரு ஒலி வருகிறது என்றார். எலக்ட்ரீஷியன் வந்து இது எர்த் கோளாறு என்று சொல்லிப் புது எர்த் கம்பி இழுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடைக்காரர் கார்ட்ரிட்ஜ் தேய்ந்துவிட்டது என்று புதிதாக ஒன்றை மாட்டிவிட்டிருக்கிறார். ஒலி போகவில்லை.

"ஏனுங்க டீச்சர், ஊசியைத் தூக்கினா அந்தச் சத்தம் நிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"அப்படி யாரும் தூக்கிப் பார்க்கச் சொல்லலீங்களே சார்" என்றார்.

மறுநாள் காலை போயிருந்தேன். "ம்ம்ம்" வந்தது. வால்யூமைத் தொடாமல் ஊசியை மட்டும் தூக்கினோம். நின்றுவிட்டது. எர்த் கோளாறாக இருந்தால் ஊசி மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒலி வந்துகொண்டேதான் இருக்கும். நின்றது என்றால் அது மின்சாரத்தில் இல்லை, மரத்திலோ சுவரிலோ இருக்கிறது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, தண்ணீர் மோட்டாரோ 48. இரண்டையும் காதால் பிரித்தறிவது கடினம், எலக்ட்ரீஷியன் குழம்பியதில் வியப்பில்லை. ஊசியைத் தூக்கிப் பார்க்கும் இந்த ஒரு சோதனையை ரெக்கார்ட் பிளேயர் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். காசு செலவில்லை, அரை நிமிடம்கூட ஆகாது.

என்னிடம் டாக்டர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு ஸ்டெதஸ்கோப் இருக்கிறது. பேரிங் சத்தம் கேட்பதற்காக வேலைக்காலத்தில் வாங்கியது. அதை ஷோகேஸ் பலகையில் வைத்தேன், "ம்ம்ம்". ஷோகேஸ் திருகப்பட்டிருந்த சுவரில் வைத்தேன், இன்னும் பலமாக "ம்ம்ம்". ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அந்தச் சுவரின் வெளிப்பக்கம்தான் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குப் போகும் டெலிவரி பைப், கிளாம்ப் போட்டு இறுக்கி மேலே ஏறுகிறது. வாட்ச்மேன் தினமும் காலை மோட்டார் போடுகிற நேரமும் டீச்சர் சுப்ரபாதம் போடுகிற நேரமும் ஒன்று.

பிளேயருக்கு அடியில் அவர் ரப்பர் பாதங்களும் வைத்திருந்தார். வாஷிங் மெஷினுக்கு விற்கிற கறுப்பு ரப்பர் வட்டுகள். நல்ல பொருள்தான், அறுபது கிலோ மெஷினுக்கு. இதை ஏன் இங்கே விரித்துச் சொல்கிறேன் என்றால், இன்று சந்தையில் ரெக்கார்ட் பிளேயருக்கென்று விற்கிற ரப்பர், கார்க், ஜெல் மெத்தைகளில் பாதிக்கு மேல் இதே கோளாறுதான் இருக்கிறது என்பது என் கருத்து. எந்த மெத்தைக்கும் ஒரு சொந்த வேகம் உண்டு. அதன் மேல் எடையை வைத்தால் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தால் போதும், அந்த வேகம் ஏறக்குறைய தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு 16. 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8. 10 மில்லிமீட்டர் அமுங்கினால் 5. இந்தச் சொந்த வேகத்தைப்போல் 1.4 மடங்குக்கு மேலான வேகத்தில் வருகிற அதிர்வைத்தான் மெத்தை குறைக்கத் தொடங்கும். அதற்குக் கீழே உள்ளதை அப்படியே விட்டுவிடும். சொந்த வேகத்தை ஒட்டி வந்தால் பெரிதாக்கியே அனுப்பும்.

டீச்சரின் பிளேயர் ஐந்து கிலோ இருக்கும். டயல் கேஜை வைத்துப் பார்த்தபோது அந்த ரப்பர் 0.2 மில்லிமீட்டர்தான் அமுங்கியிருந்தது. கணக்குப்படி சொந்த வேகம் 35. அதை 1.4ஆல் பெருக்கினால் 49. வருகிற அதிர்வோ 48. பாதங்கள் எதையும் தடுக்கவில்லை. மெத்தை மென்மையாக இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. உங்கள் பிளேயரின் எடைக்கு அது எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் பேச்சு. பெட்டியின் மேல் அதை அச்சிடச் சொல்லி விற்பவர்களைக் கேட்க வேண்டும். இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஒரு வரி போதும். பளபளக்கும் பித்தளைக் கூம்புகள் பற்றி நிறையக் கேட்கிறார்கள். கூம்பு எதையும் பிரிப்பதில்லை, பிளேயரைப் பலகையோடு இன்னும் இறுக்கமாகச் சேர்க்கிறது. பலகை ஆடினால் அதுவும் சேர்ந்து ஆடும்.

டீச்சருக்குப் புதிதாக எதையும் வாங்கவில்லை. படுக்கையறையில், பைப்புக்கு எதிர்ப்புறம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் கட்டும்போதே பதித்த கடப்பா கல் அலமாரி இருந்தது. புடவைகளை ஒரு தட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பிளேயரை அங்கே வைத்தோம். மோட்டார் ஓடும்போது கல்லில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன், மிக மெல்லிசாக ஒரு முனகல் மட்டும். ஸ்பீக்கர் வழியாக ஒன்றுமில்லை. சுப்ரபாதத்தின் தொடக்கத்தில் தம்புராவின் மந்தரத் தந்தி மீட்டப்பட்டு அது மெல்லத் தேய்ந்து போவதுவரை கேட்டது. அந்தத் தந்தி ஒலிக்கும் பகுதியில்தான் இத்தனை காலமும் மோட்டார் உட்கார்ந்திருந்தது.

கடப்பா கல் நம் வீடுகளில் இருக்கும் பெரிய சொத்து. மேல்நாட்டு ரசிகர்கள் கனமான கல் பலகைக்கு நிறையச் செலவழிக்கிறார்கள். நம் பக்கத்தில் சமையலறை மேடைக்கும் அலமாரிக்கும் வெட்டியது போக மீந்த துண்டுகள் கல் கடையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். 45க்கு 40 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு ஏறக்குறைய 15 கிலோ. கனமான பொருளை அசைப்பது கடினம், முதல் நன்மை அது. அதே மெத்தையின் மேல் எடை கூடினால் மெத்தை அதிகம் அமுங்கும், சொந்த வேகம் இறங்கும் என்பது இரண்டாவது நன்மை. சுவரில் பதித்த அலமாரி இல்லாதவர்கள் மேசைமேல் குழந்தைகள் சைக்கிளின் சிறிய டியூப் ஒன்றைக் கொஞ்சமாகக் காற்றடித்து வைத்து, அதன்மேல் இந்தக் கல்லை வைத்து, கல்லின்மேல் பிளேயரை வைக்கலாம். காற்றைக் குறைத்தால் மென்மை கூடும். டியூப் முழுக்கத் தட்டையாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைத் தட்டின் மேல் இரண்டு திசையிலும் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல்லை விரல் முட்டியால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் என்பது உண்மைதான். அடியில் மெல்லிய கார்க் தாளோ ஃபெல்ட்டோ ஒட்டினால் அந்த ஒலி அடங்கிவிடும்.

சுவரில் L ஆங்கிள் அடித்து அதன்மேல் கல்லை வைப்பவர்கள் ஒன்பது அங்குலச் சுவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவர் தட்டினாலே அதிரும்; கல்லும் பிளேயரும் சேர்ந்து 20 கிலோ வரும்போது அதை நம்பவும் முடியாது. பைப் ஏறும் சுவர் வேண்டாம், மறுபக்கம் ஃபிரிட்ஜ் ஒட்டி நிற்கும் சுவரும் வேண்டாம். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள். அப்படியானால் தூணை ஒட்டிய இடத்தில் கனமான மேசையைப் போடுங்கள். கான்கிரீட் தளம் நடுவில்தான் அதிகம் ஆடும், தூணும் உத்தரமும் இருக்கும் இடத்தில் மிகக் குறைவு. ஆனால் தூண் பெரும்பாலும் நிற்கும் அறையின் மூலையில்தான் ஸ்பீக்கரின் தாழ்ந்த ஒலி வந்து குவியும். எனவே பிளேயரைத் தூண் பக்கம் வைத்தால் ஸ்பீக்கரை எதிர்ச்சுவர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கும். இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்றால், நான் தூணின் பக்கமே நிற்பேன். ஸ்பீக்கரை எப்போது வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. வீட்டிலேயே பெரிய அதிர்வு இயந்திரம் அதுதான். ஸ்பீக்கர் ஒலி பலகை வழியாகவும் காற்று வழியாகவும் ஊசிக்குத் திரும்பி வருகிறது, ஊசி அதை மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. வால்யூம் ஏற ஏற இந்தச் சுற்று பலமாகி ஓரிடத்தில் ஊளையிடத் தொடங்கும். ஊளை வராத வால்யூமிலும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி சுருக்கென்று நிற்காமல் இழுபடும், குரல் கம்பளிக்குள் இருப்பதுபோல் மங்கும். சோதித்துப் பார்ப்பது எளிது. பிளேயரின் மோட்டாரை நிறுத்திவிட்டு, நிற்கிற ரெக்கார்டின்மேல் ஊசியை இறக்குங்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமை வையுங்கள். பிளேயர் இருக்கும் பலகையை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். 'டப்' என்று கேட்டு உடனே அடங்கினால் சமாளிக்கலாம். 'டூம்ம்ம்' என்று நீண்டால் இடம் சரியில்லை. வால்யூமை மெதுவாக ஏற்றும்போது தானாக முழக்கம் கிளம்பினால் உடனே குறைத்துவிடுங்கள். ஸ்பீக்கர் சுருள் கருகிவிடும்.

நம் கூடங்களில் கம்பளமோ கனத்த திரையோ கிடையாது. கிரானைட் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. காற்று வழியாக வரும் ஒலி இங்கே அடங்காமல் சுற்றிச் சுற்றி வரும். அதனால் பிளேயரின் கண்ணாடி மூடியைத் திறந்து நிறுத்திவைத்து ஓட்டுவதை நான் ஏற்பதில்லை. அந்த அகலமான பிளாஸ்டிக் தகடு ஒலியைப் பிடித்து நேராக ஆர்முக்குக் கடத்தும். ஓட்டும்போது முழுதாகக் கழற்றித் தள்ளி வையுங்கள், முடிந்ததும் போட்டு மூடுங்கள். தூசி விழுமே என்பார்கள். விழுகிற இருபது நிமிடத் தூசியைப் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம்.

இந்த அளவு தெரிந்த பிறகு, பெட்டிக்குள்ளேயே ஸ்பீக்கரோடு வருகிற சூட்கேஸ் பிளேயர்களை இளைஞர்களுக்குப் பரிந்துரைப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம். ஒரே மெல்லிய பலகையில் ஊசியும் ஸ்பீக்கரும். ஊளை வராமல் இருக்க அதில் தாழ்ந்த ஒலியையே எடுத்துவிடுகிறார்கள். ஊசி குதிக்காமல் இருக்க அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றரை முதல் இரண்டரை கிராம் எடையில் ஓடும்; இவற்றில் பல ஐந்து கிராம் வரை அழுத்துகின்றன. தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த ரெக்கார்டு அவ்வளவு எடையில் திரும்பத் திரும்ப ஓடுவதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' எல்.பி.யை ஓர் இளைஞர் அப்படிப்பட்ட பெட்டியில் ஓட்டிக் காட்டினார். வயலின்கள் இருந்தன, அவற்றுக்குக் கீழே நின்று தாங்குகிற எதுவும் இல்லை. இந்தப் பாட்டில் இவ்வளவுதான் இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். அதே பணத்துக்குப் பழைய பெல்ட் டிரைவ் பிளேயர் ஒன்றும் தனி ஸ்பீக்கர்கள் இரண்டும் தேடினால் கிடைக்கும். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு. கடையில் பிளேயரை ஸ்பீக்கர் இருக்கும் மேசையிலேயே வைத்து ஓட்டிக் காட்டாமல், எதிரே சுவரில் ஒரு கல் பலகை அடித்து அதில் ஓட்டிக் காட்டட்டும். வாங்குகிறவர் கண்ணால் பார்த்து வீட்டில் அப்படியே செய்துகொள்வார். பழைய பிளேயர்களில் சில, பயணத்தில் அசையாமல் இருக்க இறுக்கிய திருகுகளோடு வரும். அவற்றைத் தளர்த்தினால்தான் சுருள்வில் வேலை செய்யும். அதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரில் சப்சானிக் ஃபில்ட்டர் என்று ஒரு பொத்தான் இருந்தால் தயங்காமல் போட்டுவிடுங்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதை அது வெட்டும். அங்கே பாட்டு எதுவும் இல்லை. ஸ்பீக்கரின் கூம்பு வீணாக உள்ளே வெளியே போய்வருவது நிற்கும், குரலும் தெளியும். சுத்தமான ஒலிக்கு இது எதிரி என்று வாதிடுகிற நண்பர்கள் உண்டு. விசிறி சுற்றும் நாட்டில் அந்த வாதம் எடுபடாது என்பேன்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவர் எழும்பும்போதே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். கூடத்தில் ஒன்பது அங்குலச் சுவரில், இடுப்பு உயரத்தில், 18 அங்குல ஆழத்துக்கு ஒரு கடப்பா கல், மூன்று பக்கமும் சுவருக்குள் நாலு அங்குலமாவது போயிருக்கும்படி பதிக்கச் சொல்லுங்கள். பிளம்பர் டெலிவரி பைப் ஏற்றுவது அந்தச் சுவராக இருக்கக் கூடாது. கல்லுக்கு மேலே எர்த்தோடு ஒரு பிளக் பாயிண்ட். கல்லிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஸ்பீக்கர் ஒயர் போக முக்கால் அங்குல பி.வி.சி. குழாய், தரை போடுவதற்கு முன்பே.